பிறகு சேர்க்க முடியாததை முதலில் வாங்குங்கள்

பழைய கார் ஒன்றை வாங்கப் புறப்படுபவர் விற்பவரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? எத்தனையாவது உரிமையாளர்? ஏசி நன்றாகக் குளிருமா? தொடுதிரை இருக்கிறதா? இவை எல்லாமே கேட்கத்தக்க கேள்விகள்தாம். ஆனால் அந்தக் கார் எந்த ஆண்டில், எந்த மாதத்தில் தயாரானது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதுவும் விலையைக் குறைக்கும் பேரத்துக்காக மட்டுமே வருகிறது. நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறிய ஹேட்ச்பேக் கார் ஒன்றைப் பயன்படுத்திய நிலையில் வாங்க நினைப்பவருக்கு, முதலில் தெரியவேண்டிய விவரம் அதுவே என்பது என் கருத்து.

காரணம் எளிது. ஒரு காரில் உள்ளவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: வாங்கிய பிறகும் சேர்த்துக்கொள்ளக் கூடியவை, ஒருபோதும் சேர்க்க முடியாதவை. பாட்டுப்பெட்டி, பின்புறக் கேமரா, இருக்கை உறை, அலாய் சக்கரம், புதிய டயர், நல்ல முகப்பு விளக்கு ஆகியவை முதல் வகை. உடற்கூட்டின் உறுதி, ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் ஆகியவை இரண்டாம் வகை. கையில் இருக்கும் பணத்தை இரண்டாம் வகைக்கே முதலில் செலவிட வேண்டும். நடைமுறையிலோ பலர் முதல் வகையைக் கண்டு மயங்கி வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டாம் வகையைப் பற்றிக் கேட்பதே இல்லை.

சிறிய காரின் பெரிய வரலாறு

இந்தியக் குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கிய கதை பெரும்பாலும் சிறிய காரின் கதையே. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 2014 ஜனவரியில்தான் அதன் உற்பத்தி நின்றது. 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோவும் டாடா இண்டிகாவும் வந்தன. அடுத்த ஆண்டின் இறுதியில் வேகன் ஆர், 2000-இல் ஆல்டோ, 2005-இல் ஸ்விஃப்ட் எனத் தெருக்கள் நிறைந்தன. 2006-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை நான்கு மீட்டருக்கு மேற்படாத சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. அன்று முதல் நம் நாட்டுக் கார்களின் நீளத்தைத் தீர்மானித்ததில் வடிவமைப்பாளருக்கு நிகரான பங்கு வரிச்சட்டத்துக்கும் உண்டு.

மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்து செல்லும் குடும்பத்தைக் கண்டதால்தான் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்ற எண்ணம் பிறந்தது என்று ரத்தன் டாடா சொன்னதுண்டு. 2008 ஜனவரியில் தில்லியில் அறிமுகமான நானோ, எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் தேவை மறைந்துவிடவில்லை. அதைப் பெருமளவு நிறைவேற்றியது, நானோவைப் போன்ற புதிய மலிவுக் காரைவிட, வேறொருவர் ஓட்டிவிட்டு விற்ற ஆல்டோவும் சான்ட்ரோவும் வேகன் ஆரும்தான். இருசக்கர வண்டியில் நால்வராகப் போகும் குடும்பத்துக்கு, நன்கு பராமரித்த எந்தப் பழைய காரும் முன்னேற்றமே. அதை மறுப்பவர்கள் மழைக்கால நெடுஞ்சாலையை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அந்த முன்னேற்றத்துக்குச் செலவிடும் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் கவலை.

ஆண்டு ஏன் முக்கியம்?

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஓர் எல்லைக்கோடு. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் எல்லாப் பயணிகள் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பை, முன் இருக்கைகள் இரண்டுக்கும் சீட் பெல்ட் நினைவூட்டி, வேக எச்சரிக்கை ஒலி, பின்புற நிறுத்த உணரி ஆகியவை மிக மலிவான வகையிலும் இடம்பெற்றாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அக்டோபர் 1 முதல், முன்பே விற்பனையில் இருந்த மாதிரிகளும் முன்புற, பக்கவாட்டு மோதல் சோதனை விதிகளுக்கு உட்பட்டன. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2021 இறுதிக்குப் பிறகு தயாராகும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. இடையே 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாடு நாடு முழுவதும் வந்தது.

இதற்கு முன் நிலைமை என்ன? 2014 ஜனவரியில், குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியாவில் பரவலாக விற்ற ஐந்து சிறிய கார்களின் அடிப்படை வகைகளை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத அந்த ஐந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவற்றுள் ஒன்றின் இரு காற்றுப்பைகள் கொண்ட வகையைச் சோதித்தபோது நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று. உள்ளே அமர்ந்திருப்பவருக்கு நேரக்கூடியது மட்டும் வேறு. இன்றைய பழைய கார்ச் சந்தையில் அந்த இரண்டு வகைகளும் அருகருகே நிற்கின்றன. கழுவித் துடைத்து மெருகேற்றிய பிறகு வெளித்தோற்றத்தால் அவற்றை வேறுபடுத்துவது கடினம்.

"பழைய வண்டியின் தகடு கெட்டி, இப்போது வருவதெல்லாம் டப்பா" என்று சொல்லக் கேட்டிருப்போம். தகட்டின் கனம் பாதுகாப்பின் அளவுகோல் ஆகாது. மோதலின் வேகத்தை வண்டியின் முன்பகுதி நசுங்கி ஏற்றுக்கொள்ள வேண்டும். பயணிகள் அமரும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். முன்பகுதி எளிதில் நசுங்குவதைக் கண்டு நகைப்பவர், நசுங்காத முன்பகுதி அந்த அதிர்வை ஓட்டுபவரின் மார்புக்கு அனுப்பிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்.

காற்றுப்பையைப் பிற்பாடு பொருத்திக்கொள்ளலாம் என்று சில கடைக்காரர்கள் சொல்லக்கூடும். நம்ப வேண்டாம். காற்றுப்பை தனித்து இயங்கும் பொருள் அன்று. மோதலை உணரும் கருவி, கணத்தில் முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, உடலை இழுத்துப் பிடிக்கும் சீட் பெல்ட், அவற்றுக்கேற்ற உடற்கூடு ஆகிய அனைத்தும் ஒன்றாக வடிவமைக்கப்படுகின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டுவந்து வைத்தால் பயன் இல்லை. தவறான நேரத்தில் விரிந்தால் அதுவே ஆபத்து.

எனவே 2017-இல் தயாரான, தொடுதிரையும் அலாய் சக்கரமும் பூண்ட காரும், 2020-இல் தயாரான, அலங்காரம் ஏதுமற்ற அடிப்படை வகைக் காரும் ஒரே விலைக்கு எதிரே நின்றால், இரண்டாவதையே பார்க்கத் தொடங்குங்கள் என்பேன். தொடுதிரையை அடுத்த தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம். இங்கே ஒரு நியாயமான மறுப்புக்கும் இடம் உண்டு. 2019-க்கு முன்பும் சில கார்களின் உயர் வகைகளில் இரு காற்றுப்பைகளும் ஏபிஎஸ்ஸும் இருந்தன. அத்தகைய கார் கிடைத்தால், ஒரே ஒரு காற்றுப்பை கொண்ட 2020-ஆம் ஆண்டு அடிப்படை வகையைவிட அது மேலானதாகவே இருக்கக்கூடும். ஆண்டு என்பது ஒரு குறுக்குவழி. பார்க்க வேண்டியது சாதனம். குறுக்குவழியைப் பயன்படுத்துபவர் இறுதியில் நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உறுதி செய்வதும் கடினமன்று. பதிவுச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். பதிவு செய்த தேதியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏனெனில் முகவரின் கிடங்கில் மாதக்கணக்கில் நின்று, அடுத்த ஆண்டில் பதிவான வண்டிகள் உண்டு. அடுத்து, சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கைக் கவனியுங்கள். சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமலே எரிந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் இன்னும் கவலைக்குரியது: விபத்தில் விரிந்துபோன பையை மாற்றாமல், விளக்கின் இணைப்பை மட்டும் துண்டித்திருக்கக்கூடும்.

விலை வேறு, செலவு வேறு

கையில் 4 லட்ச ரூபாய் இருக்கும் ஒருவர் 4 லட்ச ரூபாய்க் காரைத் தேடுவது இயல்பு. என் பரிந்துரை, அவர் 3,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட காரைப் பார்க்கவே கூடாது என்பது. பெயர் மாற்றக் கட்டணம், காப்பீடு, முதல் பராமரிப்பு, டயர், பேட்டரி, தேவைப்பட்டால் கிளட்ச் ஆகியவை மீதிப் பணத்துக்காகக் காத்திருக்கின்றன. ஐந்தாறு ஆண்டு ஓடிய வண்டியில் இவற்றுள் இரண்டு மூன்றாவது முதல் ஆறு மாதங்களுக்குள் வாசலில் வந்து நிற்கும். அந்தப் பணத்தை ஒதுக்காதவர் தேய்ந்த டயரோடு ஓட்டுவார். இல்லாவிட்டால் கடன் அட்டையில் தவணை போடுவார்.

விலை பேசும்போது மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்கள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது; அதன் மேல் இருந்த கூடுதல் தீர்வையும் நீங்கியது. நான்கு மீட்டருக்கும் 1200 சிசிக்கும் மேற்படாத பெட்ரோல் ஹேட்ச்பேக் கார்கள் அனைத்தும் இதில் அடங்கும். ஆகவே விற்பவர் தாம் அன்று கொடுத்த விலையின் ரசீதைக் காட்டிப் பேரம் பேசினால், அதே காரின் இன்றைய புதிய விலையை முன்வைத்துப் பேசுங்கள். பழைய பொருளின் மதிப்பு புதிய பொருளின் இன்றைய விலையிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும்.

கடன் வாங்குவோர் வட்டியோடு காலத்தையும் கணக்கிட வேண்டும். பயன்படுத்திய காருக்கான வட்டி விகிதம் புதிய காருக்கானதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எடுத்துக்காட்டாக, 3 லட்ச ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் திருப்பினால் மாதத் தவணை ஏறத்தாழ 9,965 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 58,700 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் திருப்பினால் தவணை 6,675 ரூபாய் அளவுக்குக் குறையும்; வட்டியோ ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். தவணை சிறிதாகத் தெரிவதற்காக 40,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதற்குள் வண்டியும் ஐந்து ஆண்டு கூடுதலாகத் தேய்ந்திருக்கும். மூன்று ஆண்டுத் தவணை தாங்கவில்லை என்றால் அந்தக் கார் நம் கைக்கு எட்டாதது என்றே கொள்வது நல்லது.

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தருவதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய ஆண்டு விழுக்காட்டு வீதம் அதில் இருக்கும். வெறும் வட்டி விகிதத்தைப் பார்க்காமல் அந்த வீதத்தைக் கொண்டே கடன்களை ஒப்பிடுங்கள். முன்கூட்டியே கடனை அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அதே தாளில் பாருங்கள். பழைய கார்க் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் வருவதால் இந்தக் கேள்வி முக்கியமானது.

பெயர் மாறாத வண்டி

வாங்குவோரைவிட விற்போரே கூடுதலாக அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சாவியையும் கையெழுத்திட்ட படிவங்களையும் தரகரிடம் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கியதோடு விற்பனை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது முடியவில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். கைமாறிக் கைமாறிச் சென்ற கார் ஒன்றின் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: இடையில் எத்தனை பேர் வாங்கி விற்றிருந்தாலும், விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் இருந்த பெயருக்குரியவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. என்றோ விற்ற காருக்காக, முகம் அறியாத ஒருவரின் மரணத்துக்கு இழப்பீடு கட்டும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

விற்பவரும் வாங்குபவரும் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தவருக்கு விற்றால் 45 நாட்கள். வாங்கியவருக்கு 30 நாட்கள். முகவர் வழியே விற்போருக்காக 2023 ஏப்ரல் 1 முதல் தனி விதிகள் வந்துள்ளன. அங்கீகாரச் சான்று பெற்ற முகவரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியாக மின்னணு முறையில் தெரிவித்துவிடலாம். அந்தச் சான்று இல்லாத முகவரிடம் வண்டியை விட்டுவருவது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்துவிட்டு வருவதற்கு ஒப்பாகும்.

காப்பீட்டிலும் இதே கவனம் தேவை. வண்டி கைமாறும்போது மூன்றாம் தரப்புக் காப்பீடு தானாகவே புதியவருக்கு மாறியதாகச் சட்டம் கருதும். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது. 14 நாட்களுக்குள் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ள வேண்டும். இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடி விற்றவருக்கே உரியது. அவர் அதைத் தம் அடுத்த காருக்கு எடுத்துச் செல்லலாம். 50 விழுக்காடு வரை எட்டக்கூடிய அந்தத் தள்ளுபடியைக் கேட்டுப் பெறாமல் விடுவது வீண் இழப்பு. வாங்குபவர் அது தமக்குக் கிடைக்கும் என்று எண்ணிப் பிரீமியத்தைக் கணக்கிடக் கூடாது.

வங்கி வாடிக்கையாளர்கள் அடிக்கடி மறப்பது மற்றொன்று. கடனை முழுதும் கட்டி முடித்த பிறகும் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். வங்கி தரும் தடையில்லாச் சான்றோடு படிவம் 35-ஐச் சேர்த்து அந்தப் பதிவை நீக்க வேண்டும். விற்கும் நாளில்தான் இது நினைவுக்கு வருகிறது. அப்போது வாங்க வந்தவர் காத்திருக்க மாட்டார். வாங்குவோர் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ பதிவெண்ணைக் கொடுத்து, கடன் பதிவு, காப்பீடு, பதிவுக் காலம், நிலுவையில் உள்ள அபராதம் ஆகியவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிச் செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை. தேசியத் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் விதிக்கப்பட்ட தடை, அண்மைத் தளர்வுகளுக்கு அப்பாலும், அங்கு விலையைத் தாழ்த்தியே வைத்திருக்கிறது. விலை மலிவு என்று அங்கிருந்து வாங்கி வருவோர், படிவம் 28 வழியே பெறும் தடையில்லாச் சான்று, புதிய மாநிலத்தில் கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு ஆகியவற்றையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டிப் பார்த்தபின் மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும். எங்கு வாங்கினாலும், 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் கட்டணம் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

மேம்படுத்துவதன் வரிசை

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இனி மேம்படுத்தும் ஆசை எழும். தில்லி கரோல் பாக், பெங்களூரு ஜே.சி. சாலை, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என எந்த நகரிலும் அந்த ஆசைக்குத் தீனி போடும் கடைகள் உண்டு. ஆசை தவறன்று, சொந்தக் காரை அழகாக வைத்துக்கொள்ளும் மகிழ்ச்சி நியாயமானது. வரிசைதான் மாறக் கூடாது.

முதலில் டயர். தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது உள்ளங்கை அளவிலான நான்கு ரப்பர்ப் பரப்புகள் மட்டுமே. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. அடுத்து பிரேக் பேடும் பிரேக் திரவமும். பிறகு சஸ்பென்ஷன் புஷ், வைப்பர், பேட்டரி. இவற்றை முடித்த பிறகே கடைத்தெருவுக்குச் செல்லலாம்.

முகப்பு விளக்கு மங்கலாக இருப்பதாக முறையிடுவோர் உடனே 100 வாட் பல்பை மாட்டுகிறார்கள். சிறிய கார்கள் பலவற்றில் உள்ள விளக்கின் கம்பி 60, 55 வாட்டுக்கு ஏற்றவாறு அமைந்தது. மிகை மின்சாரம் அந்தக் கம்பியையும் பிரதிபலிப்பானையும் சுட்டுக் கெடுக்கும். எதிரே வருபவரின் கண்ணையும் கூசச் செய்யும். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மஞ்சளித்துப்போன விளக்குக் கண்ணாடியே. அதைத் தேய்த்து மெருகேற்றிப் புதிய சாதாரண பல்பைப் போட்டாலே பாதை தெளியும்.

பாட்டுப்பெட்டி, கேமரா போன்றவற்றைப் பொருத்தும்போது ஒன்றை மட்டும் கண்டிப்புடன் கேளுங்கள்: கம்பியை அறுக்கக் கூடாது; அந்த மாதிரிக்குரிய இணைப்பானைப் பயன்படுத்த வேண்டும். அறுத்து முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வெயிலில் இளகி, அதிர்வில் தளர்ந்து, ஒருநாள் தீப்பொறியாகும். இருக்கையில் பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள காரானால், அதை மூடிவிடும் இருக்கை உறை வேண்டாம்.

சட்டம் அனுமதிக்காத மாற்றங்களும் உண்டு. தயாரிப்பாளர் வகுத்து, பதிவுச் சான்றிதழில் இடம்பெற்ற அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்புறம் மாட்டும் இரும்புக் காப்புச் சட்டத்தை 2017 இறுதியிலேயே மத்திய அரசு தடைசெய்துவிட்டது. பாதசாரிக்கு அது ஆயுதம். நமக்கோ, மோதலின் போக்கை மாற்றிக் காற்றுப்பை உரிய நேரத்தில் விரிவதைக் கெடுக்கக்கூடிய தடை. காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பைக் காசு கொடுத்தே கெடுத்துக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

எரிபொருள் செலவைக் குறைக்க சிஎன்ஜி பொருத்த எண்ணுவோர், ஒப்புதல் பெற்ற தொகுதியை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பொருத்தி, பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் பதிவு செய்ய வேண்டும். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஹேட்ச்பேக்கின் சிறிய பின்பெட்டியை அந்தச் சிலிண்டர் விழுங்கிவிடும் என்பதை வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவிடுவதும் நல்லது.

எட்டாதவருக்கு என்ன வழி?

"2019-க்குப் பிந்தைய கார் எங்கள் கைக்கு எட்டாது, அதற்காக நாங்கள் கார் வாங்கவே கூடாதா?" என்று கேட்பவர் இருப்பார். நியாயமான கேள்வி. அவருக்கு என் விடை, கடனை நீட்டி எட்டிப் பிடிக்க முயல வேண்டாம் என்பதே. இயன்ற விலையில், ஒரே உரிமையாளரிடம் இருந்த, பராமரிப்புப் பதிவுகள் முழுமையாக உள்ள, பெரிய மோதலில் சிக்காத, வெள்ளத்தில் மூழ்காத சாதாரணக் காரை வாங்குங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி அந்த வணிகத்திலேயே மிகச் சிறந்த முதலீடு. கம்பளத்தைத் தூக்கி அடியில் வண்டலும் துருவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அதன் அடிப்பகுதியில் நீர்க்கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பிறகு, மலிவான காரிலும் இருக்கும் ஒரு பாதுகாப்பை முழுமையாகப் பயன்படுத்துங்கள். பின் இருக்கையின் சீட் பெல்ட்கள் பல பழைய கார்களில் இருக்கை இடுக்கில் புதைந்து கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து, பழுதிருந்தால் மாற்றி, தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை அனைவரும் அணியும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள். குழந்தைக்குரிய தனி இருக்கையின் விலை, நால்வகை அலங்காரப் பொருள்களின் விலைக்குள் அடங்கிவிடும். காற்றுப்பை இல்லாத காரில் வேகமும் அதற்கேற்பக் குறைந்திருக்கட்டும்.

பயன்படுத்திய கார் வாங்குவது சிக்கனத்தின் அடையாளம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. புதிய காரின் முதல் சில ஆண்டு மதிப்பிழப்பை வேறொருவர் சுமந்த பிறகு நாம் வாங்குகிறோம். அவ்வாறு மிச்சமாகும் பணம், இன்னும் இரண்டு ஆண்டு புதிய ஒரு வண்டியாகவோ, நல்ல நான்கு டயர்களாகவோ, குழந்தையின் இருக்கையாகவோ மாறினால் அந்தச் சிக்கனம் குடும்பத்துக்குப் பயன்பட்டது என்று பொருள். அடுத்த வாரம் கார் பார்க்கப் போகிறவர், விற்பவரிடம் கேட்கும் முதல் கேள்வியாகத் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் கேட்கட்டும். இரண்டாவதாக, எத்தனை காற்றுப்பைகள் என்று கேட்கட்டும். மைலேஜ் மூன்றாவதாக இருக்கலாம்.